சுங்கை சிப்புட் சொந்தபந்தம்

கலா: குமாருக்கு எச்சி முழுங்கினாகூட நடு நெஞ்சுல குத்துது. ராத்திரி பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இசிஜி எடுத்தாங்க, இதயத்துல ஒண்ணும் இல்லையாம்.

செல்வம் மாமா: வாயுதான். ஓமத் தண்ணி கொடு.

பெரியம்மா: வெறுஞ்சோத்த உருட்டி முழுங்கச் சொல்லு கலா

லதா (ஃபார்மசி): அது மீன் முள்ளுக்கு பெரியம்மா 😄 கலாக்கா, இப்ப என்ன மருந்து சாப்பிடுறான்?

கலா: செம்பனத் தோட்டத்து வாய்க்கால்ல இறங்கி காய்ச்சல் வந்துச்சே, கென்சிங் தீக்குஸ்னு, அதான் எலிக்காய்ச்சல். அதுக்குக் கொடுத்த கேப்சூல். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.

லதா: டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராமா?

கலா: 📷 அட்டையப் பாரு

லதா: அதேதான். ராத்திரி எப்படிப் போடுறான்?

கலா: படுத்துக்கிட்டே, ஒரு மடக்கு தே ஓ-வுல, பால் ஊத்தாத டீல.

குமார்: அம்மா… குரூப்ல போடணுமா 🙄

லதா: அப்ப சந்தேகம் அதுமேலதான். கேப்சூல் வயித்துக்குப் போகாம உணவுக்குழாய் நடுவுல ஒட்டிக்கும். அந்த ஓடு ஜெலட்டின். ஈர விரலால தொட்டுப் பாருங்க, பிசுபிசுன்னு பிடிக்கும். அங்கயே கரைஞ்சா மருந்தோட அமிலம் அந்த இடத்தைப் பொத்துப் புண்ணாக்கிடும்.

செல்வம் மாமா: அப்ப மருந்த நிறுத்திடலாம்ல?

லதா: தானா நிறுத்தக் கூடாது மாமா! அந்தக் காய்ச்சல் கிட்னி, ஈரல் ரெண்டையும் கெடுக்கும். அடுத்த கேப்சூலுக்கு முன்னாடி கிளினிக்ல சொல்லணும், வேற மருந்து மாத்திக் கொடுப்பாங்க. புண்ணு பெரும்பாலும் சில நாள்லயே ஆற ஆரம்பிச்சிடும். ரத்த வாந்தி, கறுப்பா மலம், தண்ணிகூட இறங்கலன்னா நேரா எமர்ஜென்சி.

குமார்: சித்தி, சம்பல்?

லதா: பேசாம கஞ்சி குடி.

பெரியம்மா: எனக்கு ஞாயித்துக்கெழமக்கு ஒண்ணுன்னு எலும்பு மாத்திரை கொடுத்திருக்காங்க. கோப்பியோட போட்டுட்டு செத்த நேரம் சாஞ்சுக்குவேன்

லதா: பெரியம்மா!! 😱 அலெண்ட்ரோனேட்டா? அதுவும் இதே வேலையப் பண்ணும். காலைல வெறும் வயித்துல, ஒரு கிளாஸ் நெறைய பச்சத் தண்ணி. அப்புறம் அரை மணி நேரம் படுக்கவே கூடாது, உட்காரலாம், நடக்கலாம். கோப்பி அதுக்கப்புறம்தான்.

பெரியம்மா: கோப்பி இல்லாம அரை மணி நேரமா? டாக்டர் அப்படிச் சொல்லலையே

லதா: அட்டைப்பெட்டிக்குள்ள மலாய்ல, இங்லீஷ்ல ஒரு தாள் இருக்கும். அதுல பொடி எழுத்துல இருக்கு, யாரு படிக்கிறா.

செல்வம் மாமா: அந்த அரை மணில கோழிக்குத் தீனி போடுங்க அக்கா 🐓

பெரியம்மா: நீ வந்து போடு

கலா: கிளினிக்ல நம்பர் எடுத்தாச்சு. முன்னால ஏகப்பட்ட கூட்டம். லதா, மருந்து பேர மறுபடி தனியா அனுப்பு, டாக்டர்கிட்ட காட்டணும்.