மீட்டுக் கூட்டிவந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு யார் என்ன செய்கிறார்கள்?

புதுமழை:
வணக்கம். குழந்தைகள் காப்பகம் ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். பாலியல் வணிகத்தில் தள்ளப்பட்ட பிள்ளைகளையும் அங்கே கொண்டுவந்து விடுவார்களாம். செய்தியில் பார்த்தால் போலீஸ் மீட்டது என்பதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் குழந்தைகள் நலத்துறை, மருத்துவமனை, நீதிமன்றம், தொண்டு நிறுவனம் என்று இத்தனை பேர் வருகிறார்களே, யாருக்கு என்ன வேலை? இன்னொன்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. மீட்டுவந்த பிள்ளையே தப்பி ஓடி, மறுபடி அதே ஆளிடம் போய்ச் சேருவதுண்டு என்கிறார்கள். ஏன்?

களப்பணி:
இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் அது புரியாமல் மற்ற எதுவும் புரியாது. நமக்கு அவன் குற்றவாளி. அந்தப் பிள்ளைக்கோ, வீட்டைவிட்டு வந்த ராத்திரி படுக்க இடம் கொடுத்தவன், போன் வாங்கித் தந்தவன், 'உன்னை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்ன ஒரே ஆள். கூடவே அடியும் மிரட்டலும் கடன் கணக்கும் சில நேரம் போதைப் பழக்கமும் இருக்கும், ஆனால் பாசமும் பயமும் ஒரே ஆளிடமிருந்து வரும்போது அதைப் பிரித்துப் பார்க்க பெரியவர்களுக்கே முடிவதில்லை. இப்படி இருக்கிற பிள்ளையை முன்பின் தெரியாத கட்டடத்துக்குக் கூட்டிவந்து, போனைப் பிடுங்கி, கதவைப் பூட்டி, விதிமுறைத் தாளை நீட்டினால் ஓடத்தான் செய்யும். நன்றி கெட்டதனம் என்று யாராவது சொன்னால் அவரை அந்தப் பிள்ளைகள் பக்கமே விடாதீர்கள்.

நல்ல அமைப்புகள் ஓடிப்போவதை எதிர்பார்த்தே திட்டம் போடும். வெளியே போய்விட வேண்டும் என்று தோன்றினால் முதலில் யாரைக் கூப்பிடுவாய் என்று முன்கூட்டியே பேசிவைப்பார்கள். அமெரிக்காவில் 2014இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டப்படி, குழந்தைகள் நலத்துறையின் பொறுப்பில் உள்ள பிள்ளை காணாமல்போன தகவல் கிடைத்ததும் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்ல வேண்டும். திரும்பி வந்தால் ஏன் போனது, வெளியே என்ன நடந்தது என்றும் கேட்டறிய வேண்டும். அந்தக் கேள்விகளைச் சாப்பாடும் தூக்கமும் கொடுத்த பிறகு கேளுங்கள், வாசலிலேயே நிறுத்தி வைத்து வேண்டாம்.

யாருக்கு என்ன வேலை என்றால், குழந்தைகள் நலத்துறைக்குத்தான் பெரும்பங்கு. இன்றைக்கு ராத்திரி எங்கே தங்குவது, வீட்டுக்கு அனுப்பலாமா (விற்றதே வீட்டில் ஒருவராக இருக்கலாம், அதனால் விசாரிக்காமல் அனுப்பவே கூடாது), அப்புறம் பள்ளி, அடையாளச் சான்றுகள், நீண்டகால ஆலோசனை. போலீசுக்குக் குற்றவாளியைப் பிடிக்கும் வேலை. தொண்டு நிறுவனங்கள் தரும் ஆள்பலத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: அலுவலகம் மாறினாலும் மாறாமல் கூட இருக்கிற ஒரு பெரியவர். பையன்களை மறந்துவிடாதீர்கள், அவர்களிடம் யாரும் கேட்பதே இல்லை.

கறுப்பு அங்கி:
சட்டப்பக்கம் சொல்கிறேன். ஆட்கடத்தல் பற்றிய ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு பலெர்மோ நெறிமுறைப்படி, 18 வயதுக்குக் கீழே உள்ளவர் விஷயத்தில் மிரட்டினார்களா, ஏமாற்றினார்களா என்று நிரூபிக்கத் தேவையில்லை. 'அவளே சம்மதித்துத்தான் வந்தாள்' என்ற வாதத்துக்கு அங்கே இடமே கிடையாது. நடைமுறை வேறு. பிள்ளையைப் பாதிக்கப்பட்டவர் என்று ஒரு கோப்பில் எழுதிவிட்டு, இன்னொரு கோப்பில் திருட்டு, போதைப்பொருள் என்று அதே பிள்ளைமேல் வழக்குப் போடுவார்கள். இதற்காகத்தான் நியூயார்க் மாநிலம் 2008இல் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தண்டனைப் பாதையிலிருந்து நலத்துறைப் பாதைக்குத் திருப்பும் சட்டத்தை நிறைவேற்றியது, பிறகு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

அடுத்தது வாக்குமூலம். போலீஸ், டாக்டர், நலத்துறை, வக்கீல் என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வைப்பது பெரிய கொடுமை. ஐஸ்லாந்தில் 1998இல் தொடங்கிய பார்னாஹுஸ் முறையில் வீடு போன்ற ஓர் இடத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் பேசுவார், மற்ற துறையினர் வேறு அறையிலிருந்து பார்ப்பார்கள், எல்லாம் பதிவாகும். அதற்கு முன்னோடி 1985இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஹன்ட்ஸ்வில் நகரத்தில் வந்த மையம்.

தன்னார்வலராக நீங்கள் கதை கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேட்டு, பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே தேதி நேரத்தோடு எழுதி அன்றைக்கே பொறுப்பாளரிடம் கொடுங்கள். ஆளுக்கொரு கேள்வி கேட்டு ஆளுக்கொரு பதில் வந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது.

இரவுப்பணி நர்ஸ்:
மருத்துவத்தில் நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையைப் பாலுறவு நடந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், கருத்தடை அவசர மாத்திரைக்கு 5 நாள் வரை. அது தாண்டிவிட்டது என்று கூட்டிவராமல் விட்டுவிடாதீர்கள், பால்வினை நோய், கர்ப்பம், பழைய எலும்பு முறிவு, சொத்தைப் பல், போதை நிறுத்தும்போது வரும் உடல் நடுக்கம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளையிடம் சொல்லி, கேட்டு, வேண்டாம் என்றால் நிறுத்திவிட வேண்டும். அந்த உடம்பைப் பற்றி அதனிடம் யாரோ அனுமதி கேட்பது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். 'கன்னித்தன்மைப் பரிசோதனை' செய்யச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அதற்கு மருத்துவ அடிப்படையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சந்தேகி:
எல்லாத் துறையும் சேர்ந்து செயல்படுவது என்று படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் பார்த்த கூட்டங்களில் ஒவ்வொருவரும் தன் கோப்பைத் திறந்து வாசித்துவிட்டு, ரகசியம் என்று மூடிக்கொண்டு போனார்கள். எதை யாரிடம் பகிரலாம் என்று எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத வரை இது டீ குடிக்கிற கூட்டம்தான்.

களப்பணி:
@சந்தேகி, மறுக்கமாட்டேன். ஒப்பந்தத்தோடு, கூட்டம் முடியும்போது எந்த வேலை யார் பெயரில், எந்தத் தேதிக்குள் என்று எழுதாமல் யாரையும் எழுந்திருக்க விடாத ஒரு தலைவரும் வேண்டும். அப்படிப்பட்டவர் இருக்கும் இடங்களில் வேலை நடக்கிறது.

புதுமழை:
எல்லாருக்கும் நன்றி. எங்கள் காப்பகத்தில் வந்த உடனே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். அது சரியா?

கறுப்பு அங்கி:
அந்தப் போன் சாட்சியம், அதனால் நீங்கள் யாரும் திறந்து பார்க்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். முறைப்படி போலீசிடம் போகட்டும், அதற்கு ரசீது வாங்கி வையுங்கள். ஆனால் பிள்ளைக்கு வெளியுலகத்தோடு இருந்த தொடர்பும் அது ஒன்றுதான். ஏன் வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டு, நம்பிக்கையான ஒருவரோடு பேச அன்றைக்கே வேறு வழி செய்து கொடுங்கள். அப்புறம், நன்கொடையாளர்கள் வருகிற நாளில் அந்தப் பிள்ளைகளைப் படம் எடுக்க விடாதீர்கள். முகத்தை மறைத்தாலும் சரி.