கலைச்சொல்: உடற்பருமனில் நிகழும் அழற்சிக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

உடற்பருமனோடு வரும் நீடித்த மெல்லிய அழற்சியை 2006-இல் ஆய்வாளர் ஹோட்டாமிஸ்லிகில் 'மெட்டாஃபிளமேஷன்' என்று முன்வைத்தார். அதற்கு நல்ல தமிழ்ச்சொல் தேவை. 'லோ-கிரேட்' என்பதைப் பெயர்த்து 'தாழ்தர அழற்சி' என்றால் தரக்குறைவு என்ற பொருள் வந்துவிடுகிறது.

நடப்பது இதுதான்: கொழுப்பணு அளவுமீறிப் பருத்ததும் ஆக்சிஜன் போதாமல் நலிந்து இறக்கிறது. அதை அகற்றப் பெருவிழுங்கணுக்கள் (மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள்) வளையமாகச் சூழ்கின்றன. மெலிந்தவரின் கொழுப்பிழைய அணுக்களில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கும் இவை, மிகு பருமனில் 40 விழுக்காட்டை நெருங்கும். இவை சுரக்கும் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதம், இன்சுலின் ஏற்பிக்கு அடுத்து அதன் செய்தியைக் கடத்தும் ஐஆர்எஸ்-1 புரதத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறச் செய்கிறது. இன்சுலினின் செய்தி அங்கேயே மங்குகிறது. இவை சுரக்கும் இன்னொரு அழற்சிப் புரதமான இன்டர்லூக்கின்-6 கல்லீரலுக்குப் போய், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி புரதத்தைக் கூட்டுகிறது.

காய்ச்சலோ வீக்கமோ வலியோ கிடையாது. ஆண்டுக்கணக்கில் நீறுபூத்த நெருப்பாக நீடிக்கும். ஆகவே 'தணலழற்சி' என்று முன்மொழிகிறேன்.

---

> 'தணலழற்சி' என்று முன்மொழிகிறேன்

ஐயா, ஓசை நன்று. ஆனால் ஏற்க முடியவில்லை. 'அழற்சி'யிலேயே அழல் இருக்கிறது. அதன்மேல் தணலும் சேர்ந்தால், நோயாளி இதை உடல்சூடு என்றே புரிந்துகொள்வார். இளநீரும் மோரும் குடித்துத் தணிக்கப் பார்ப்பார். இடுப்புச் சுற்றளவு அப்படியே இருக்கும்.

'பருமன் அழற்சி'யும் ஆகாது. நம்மவரில் எடை அதிகம் தெரியாமலே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்தவர் ஏராளம். அதனால்தான் இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டில் 23-ஐத் தாண்டினாலே மிகை எடை, 25 முதல் பருமன்; இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. பெயரில் 'பருமன்' இருந்தால் இவர்கள் தமக்கு இல்லை என்று விட்டுவிடுவார்கள்.

என் பரிந்துரை: வளர்சிதை அழற்சி. எதனால் தூண்டப்படுகிறது என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. 'வளர்சிதை மாற்றம்' (மெட்டபாலிசம்) என்பதில் 'மாற்றம்' விடுபட்டாலும் பொருள் குறையவில்லை.

---

'வளர்சிதை அழற்சி'க்கே என் ஆதரவும். தணலை விட்டுவிடுகிறேன், உடல்சூடு பற்றிய தடை வலுவானது.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஆய்வக அறிக்கையில் சிஆர்பி லேசாக உயர்ந்திருப்பதை இதே பெயரால் அழைக்கக் கூடாது. ஈறுநோய், புகைப்பழக்கம், முடக்குவாதம் எல்லாமே அதை உயர்த்தும். அந்த அளவைக் குறிக்க 'மென்னழற்சி' என்று தனிச்சொல் வைப்போம். உயர்நுண் சிஆர்பி (சிறு அளவையும் காட்டும் சோதனை) லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழ் என்றால் இதயநோய் இடர் குறைவு, 3-க்கு மேல் என்றால் அதிகம். 10-ஐத் தாண்டினால் முதலில் தொற்றைத் தேட வேண்டும். அது தணிந்தபின், இரண்டு வாரம் கழித்தாவது மறுபடி பார்க்க வேண்டும்.

வரையறையில் 'நீரிழிவின் காரணம்' என்று ஒற்றையாக எழுதுவதும் தவறு. கேன்டோஸ் என்ற மருந்தாய்வில் கனகினுமாப் என்ற அழற்சித் தடுப்பு மருந்து சிஆர்பியைக் குறைத்தது, மாரடைப்பையும் குறைத்தது. புதிதாக நீரிழிவு வருவதை மட்டும் தடுக்கவில்லை. 'இன்சுலின் எதிர்ப்புக்குத் துணைபோகும்' என்று எழுதுவதே சரி. எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தால் இன்சுலின் வேலை செய்வது மேம்படும், சிஆர்பியும் பெரும்பாலும் இறங்கும் என்பதையும் பதிவில் சேர்க்கலாம்.

---

மென்னழற்சி அளவுக்கு, வளர்சிதை அழற்சி காரணத்துக்கு. ஏற்கிறேன். இறந்த கொழுப்பணுவைச் சூழும் வளையத்துக்கு 'மகுட அமைப்பு' பொருந்துமா? உருப்பெருக்கியில் பார்த்தால் மகுடம் போலவே தெரிகிறது.