பெடஸ்டல் வாஷ்பேசின் மாட்டும் வேலை: எடை சுவருக்கு, தூண் துணைக்கு

பேசினைத் தாங்குவது கீழே நிற்கும் தூண் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எடை நிற்க வேண்டியது சுவரில் இறங்கும் இரண்டு போல்ட்டில். டிராப்பையும் (பேசினுக்கு அடியில் கழிவுநீர் இறங்கும் வளைந்த குழாய்) மற்ற குழாய்களையும் மறைப்பதுதான் தூணின் வேலை. கூடவே கொஞ்சம் முட்டுக் கொடுக்கும். போல்ட்டே போடாமல் தூண் மேல் உட்கார வைத்து, வெள்ளை சிமெண்டைப் பூசிவிட்டுப் போகிற வேலை நிறைய நடக்கிறது. யாராவது ஓரத்தில் கை ஊன்றிக் குனிந்தால் பேசின் முன்பக்கம் அசையும். அசைய அசைய டிராப் இணைப்பு தளரும்.

துளை போடுவதற்கு முன் எல்லாவற்றையும் சும்மா ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். தூணை வைத்து, பேசினை ஏற்றி, சுவரோடு ஒட்டி, விளிம்பில் ரசமட்டம் வைக்க வேண்டும். மட்டம் வந்ததும் பேசினின் போல்ட் துளை வழியே பென்சிலால் சுவரில் குறியுங்கள். தூணின் அடியையும் தரையில் வரைந்துவிடுங்கள். விளிம்பு 80 முதல் 85 செ.மீ. உயரத்தில் இருப்பது வழக்கம். ஆனாலும் உயரத்தை முடிவு செய்வது அந்தத் தூண்தான், அளவு டேப் அல்ல. அளவு டேப்பை நம்பித் துளை போட்டால், கடைசியில் தூண் உள்ளே நுழையாது. நுழைந்தால் மேலே இடைவெளி நிற்கும்.

* * *

இதோடு தரை வாட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளியலறைத் தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும், அதனால் தூண் ஒரு பக்கம் ஆடும். மெல்லிய பிளாஸ்டிக் சீவலை அடியில் சொருகி ஆட்டத்தை நிறுத்திய பிறகே சுவரில் குறிக்க வேண்டும். அட்டையை மடித்து வைக்காதீர்கள், ஈரத்தில் ஊறி நசுங்கிவிடும்.

* * *

துளை போடுவதில்தான் டைல்ஸ் உடைகிறது. குறியின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. டைல்ஸைத் தாண்டும்வரை டைல்ஸ் பிட், குறைந்த வேகம், டிரில்லின் ஹேமர் (அடித்துத் துளைக்கும் இயக்கம்) கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும். செங்கலைத் தொட்ட பிறகு கான்கிரீட் பிட்டுக்கு மாறி ஹேமரைப் போடலாம். போல்ட்டைப் பிடிக்கச் சுவர்த் துளைக்குள் சொருகும் பிளாஸ்டிக் பிளக்கில் அச்சாகியிருக்கும் அளவுதான் துளையின் அளவு, 10 மி.மீ. போல்ட்டுக்குப் பெரும்பாலும் 14 மி.மீ. பிளக் வரும். ஆழம் பிளக்கின் நீளத்தைவிட 10 மி.மீ. கூடுதலாக. உள்ளே இருக்கும் தூளை ஊதி வெளியேற்றுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் இதற்குப் பிறகுதான். பிளக்கின் வாய் டைல்ஸ் பரப்போடு சமமாக நின்றால், போல்ட் முறுக்கும்போது அது விரிந்து டைல்ஸைப் பிளக்கும். டைல்ஸைத் தாண்டி உள்ளே தள்ளிவிடுங்கள். போல்ட்டின் வெளிப்பக்கத்தில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, வெளி நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் போல்ட் நேராக இறங்கும்.

மாட்டும்போது முதலில் பிளாஸ்டிக் புஷ், அப்புறம் வாஷர், அப்புறம் நட்டு. பீங்கானை இரும்பு நேராகத் தொடக்கூடாது. இரண்டு பக்கமும் மாறி மாறிக் கையால் இறுக்கி, ஆட்டம் நிற்கும்வரை மட்டும் ஸ்பேனரைக் கொஞ்சம் திருப்புங்கள். அதற்குமேல் வீரம் காட்டினால் துளையிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பும்.

* * *

மேலே சொன்னதெல்லாம் செங்கல், கான்கிரீட் சுவருக்கு. உள்ளே பொந்துள்ள பிளாக்கில் சாதாரண பிளக் பிடிக்காது. வலைக்குழாய் சொருகி கெமிக்கல் ஆங்கர் (போல்ட்டைப் பிடித்து இறுகும் பசை) போட வேண்டும், அது இறுகும்வரை பேசினை ஏற்றக்கூடாது. ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் பலகைக்குப் பின்னால் குறுக்குக் கட்டை இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

* * *

தண்ணீர் டேப்பும், வடிகால் துளையில் மாட்டும் வேஸ்ட் கப்ளிங்கும் பேசின் தரையில் கவிழ்ந்திருக்கும்போதே பூட்டிவிட வேண்டும். ஏற்றிய பிறகு தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஸ்பேனர் திரும்பாது.

பேசினில் நிரம்பி வழியாமல் தண்ணீரை இறக்கும் ஓவர்ஃப்ளோ துளை இருந்தால், பக்கவாட்டில் வெட்டுள்ள கப்ளிங் வாங்குங்கள். வெட்டில்லாததைப் போட்டால் ஓவர்ஃப்ளோவில் இறங்கும் தண்ணீர் வடிகாலுக்குள் போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கி நாறும். பேசின் பழசாகிவிட்டது என்று சொல்லி மாற்றுகிறவர்கள்கூட உண்டு!

சுவர்க் குழாயில் மாட்டும் ஆங்கிள் வால்வைப் பூட்டியதும் ஹோஸை இணைத்துவிடாதீர்கள். ஒரு வாளியைப் பிடித்து வால்வைத் திறந்து, லைனில் கிடக்கும் மணலையும், மரையில் சுற்றும் டெஃப்லான் நாடாவின் துணுக்குகளையும் வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் அவ்வளவும் டேப்பின் வாயில் போய் அடைக்கும். டெஃப்லான் சுவருக்குள் போகும் மரைக்கு மட்டும். ரப்பர் வாஷர் உள்ள ஹோஸ் முனைக்கு அது தேவையில்லை.

* * *

அடுத்து கசிவு சோதனை. டேப்பைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பது போதாது. பேசினை அடைத்து, ஓவர்ஃப்ளோவில் இறங்கும்வரை நிரப்பி, அடைப்பைச் சட்டென்று திறந்துவிடுங்கள். டிராப்பில் பெருவாரியாகத் தண்ணீர் இறங்குவது அப்போதுதான். ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ பேப்பரால் சுற்றித் தொட்டால், கண்ணுக்குத் தெரியாத கசிவும் ஈரமாகத் தெரிந்துவிடும்.

இதில் தேறிய பிறகே சிலிகான். சுவரை ஒட்டிய மேல் விளிம்பில் ஒரு கோடு, தூணின் அடியில் இரண்டு மூன்று பொட்டு. சிமெண்ட் வேண்டவே வேண்டாம். டிராப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தூணை நகர்த்த வேண்டிவரும்; சிலிகானைப் பிளேடால் அறுத்துவிடலாம், சிமெண்ட் என்றால் தூண் உடையாமல் வராது. சிலிகான் காய 24 மணி நேரம் விட்டுவிடுங்கள்.