ரூத்துக்கும் ஓட்டானிக்கும் நடுவில் ஒருவருமே இல்லையா?

கேள்வி: காலைக்காப்பி

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நான், மூன்று ஆண்டுகளாக மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டங்களையும் விடாமல் பார்த்து வருகிறேன். 2025 அக்டோபர் 17 அன்று லாஸ் ஏஞ்சலஸில் டாட்ஜர்ஸும் மில்வாக்கி புரூவர்ஸும் மோதிய ஆட்டம் இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை. பந்து வீச வந்த ஷோஹெய் ஓட்டானி முதல் பேட்டரை நான்கு தவறான பந்துகளால் சும்மாவே முதல் பேஸுக்கு அனுப்பிவைத்தார். அடுத்த மூவரையும் ஸ்டிரைக் அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமலே ஆட்டமிழப்பது) செய்தார். கையுறையைக் கழற்றிவிட்டு மட்டையோடு திரும்பி வந்து, தம் அணியின் முதல் பேட்டராகவே ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) அடித்தார். ஆட்டம் முடிந்தபோது அவர் கணக்கில் மூன்று ஹோம் ரன்களும் பத்து ஸ்டிரைக் அவுட்களும் இருந்தன.

ஓட்டானியைப் பற்றிப் பேசும் எல்லோரும் "பேப் ரூத்துக்குப் பிறகு இவர்தான்" என்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் ஆடிய ரூத் உண்மையிலேயே பந்துவீச்சு, பேட்டிங் இரண்டையும் ஒரே காலத்தில் செய்தாரா? கிரிக்கெட்டில் அணிக்கு இரண்டு ஆல்ரவுண்டர்கள் இருப்பது சாதாரணம். பேஸ்பாலில் மட்டும் ஏன் ஒரு நூற்றாண்டு இடைவெளி?

பதில்: இடதுகைக்காரன்

செய்தார், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு நீண்ட காலம் செய்யவில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் 1914இல் சேர்ந்த ரூத் முதலில் பிட்சராக (பந்து வீசுபவராக) மட்டுமே இருந்தார். 1916இல் 23 வெற்றிகள் (அணி வெல்லும்போது ஒரு பிட்சரின் பெயரில் எழுதப்படுபவை), 1917இல் 24 வெற்றிகள் என்று அன்றைய இடதுகைப் பிட்சர்களில் முதல் வரிசையில் நின்றார். முதல் உலகப் போரினால் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சம் ஏற்பட்ட 1918இல்தான், பந்து வீசாத நாள்களிலும் அவரைக் களத்தில் நிறுத்தி மட்டை பிடிக்க வைத்தார்கள். அந்த ஆண்டு 13 வெற்றிகளும் 11 ஹோம் ரன்களும் கண்டார். 1919இல் வெற்றிகள் 9 ஆகக் குறைந்தன, ஹோம் ரன்கள் 29 ஆக உயர்ந்தன. அடுத்த ஜனவரியில் நியூயார்க் யாங்கீஸ் அவரை வாங்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது. அதன்பின் அங்கே ஆடிய 15 ஆண்டுகளில் அவர் பந்து வீசியது ஐந்தே ஆட்டங்களில். (ஐந்திலும் வென்றார் என்பது வேறு கதை.)

ஆக, ரூத் முழுமையான இருவழி ஆட்டக்காரராக இருந்தது ஏறத்தாழ இரண்டு பருவங்களே. அதிலும் 1918இல் பந்து வீசுவதா, மட்டை பிடிப்பதா என்ற பூசலில் மேலாளர் எட் பாரோவோடு சண்டையிட்டு அணியை விட்டே சில நாள் வெளியேறியவர் அவர். ஓட்டானியின் சாதனை அவருடையதைவிடப் பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பதில்: பழையஸ்கோர்கார்டு

இடைவெளிக்கான காரணத்தை விதிகளில் தேட வேண்டும். ரூத் காலத்தில் மட்டை பிடிக்க வேண்டுமென்றால் களத்தில் ஓர் இடத்தில் நின்று பந்து தடுத்தே ஆக வேண்டும்; வீசிக் களைத்த கைக்கு அங்கே ஓய்வு கிடையாது. பிட்சருக்குப் பதிலாக மட்டை மட்டும் பிடிக்கும் டெசிக்னேட்டட் ஹிட்டர் என்ற இடம் அமெரிக்கன் லீகில் 1973இல்தான் வந்தது, நேஷனல் லீகில் நிலையான விதியாக 2022இல்தான் வந்தது. ஓட்டானி பந்து வீசாத நாள்களில் இந்த இடத்தில்தான் ஆடுகிறார். முழங்கை அறுவைக்குப் பிறகு 2024 முழுவதும் ஒரு பந்துகூட வீசாமல் 54 ஹோம் ரன்களும் 59 ஸ்டீல்களும் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) எடுக்க முடிந்ததும் இதனால்தான்.

கிரிக்கெட்டில் பந்து வீசி முடித்தவர் எல்லைக்கோட்டுக்குப் போய் நின்றுகொள்ளலாம். பேஸ்பாலில் ஆட்டத்திலிருந்து ஒருமுறை விலக்கப்பட்டவர் திரும்ப வர முடியாது. ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்கிய பிறகும் பேட்டராகத் தொடரலாம் என்று 2022இல் விதியைத் திருத்தினார்கள். அதை ஓட்டானி விதி என்றே பலரும் அழைக்கிறார்கள்.

பதில்: கன்சாஸ்_ரசிகை

இருவரும் சொன்னது சரி. ஆனால் "நூற்றாண்டு இடைவெளி" என்ற சொல்லே தவறு. ஒரே பருவத்தில் 10 வெற்றியும் 10 ஹோம் ரன்னும் எடுத்தவர் 1918 ரூத்துக்குப் பிறகு ஓட்டானியே என்று 2022 ஆகஸ்டில் தலைப்புச் செய்திகள் வந்தன. கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியின் புல்லட் ரோகன் 1922இல் அதைச் செய்திருந்தார். டெட்ராய்ட் ஸ்டார்ஸின் எட் ரைல் 1927இல் செய்திருந்தார். கறுப்பினத்தவருக்கு மேஜர் லீகில் இடம் மறுக்கப்பட்டிருந்த காலத்தில் நீக்ரோ லீக்குகளில் ஆடியவர்கள் இவர்கள். 1920 முதல் 1948 வரையிலான அந்த லீக்குகளுக்கு 2020 டிசம்பரில்தான் மேஜர் லீக் தகுதி வழங்கப்பட்டது, புள்ளிவிவரங்கள் 2024 மே மாதம்தான் அதிகாரப்பூர்வ ஏட்டில் சேர்ந்தன. அன்றே நீக்ரோ லீக் வீரர் ஜாஷ் கிப்சனின் .372 பேட்டிங் சராசரி, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பின் .367ஐ முந்தியது.

கியூபாவின் மார்ட்டின் டிஹிகோவையும் மறக்கக் கூடாது. மெக்சிகன் லீகில் 1938ஆம் ஆண்டு 18 ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டுமே தோற்ற அவர், அதே ஆண்டில் .387 சராசரியோடு பேட்டிங் பட்டத்தையும் வென்றார்.

பதில்: இடதுகைக்காரன்

ரோகனின் பெயர் தெரியும், இந்த எண்ணிக்கையைக் கவனித்ததில்லை. ஒரே ஓர் ஐயம்: அந்த லீக்குகளில் பருவம் மிகக் குறுகியது அல்லவா? அந்த எண்களை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா?

பதில்: கன்சாஸ்_ரசிகை

சராசரிகளுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தும். குறைந்த ஆட்டங்களில் சராசரி எளிதாக ஏறிவிடும். வெற்றிகளையும் ஹோம் ரன்களையும் எண்ணும்போது நிலைமை தலைகீழ். இன்றைய 162 ஆட்டங்களைவிட மிகக் குறைவான லீக் ஆட்டங்களுக்குள் ரோகன் பத்தையும் பத்தையும் தொட்டார் என்றால், குறுகிய பருவம் அவருக்குத் தடையே தவிரச் சலுகை அல்ல.

பதில்: காலைக்காப்பி

அனைவருக்கும் நன்றி. ரூத்தைப் பற்றிக் கேட்க வந்து, ரோகனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் 1998இல்தான் ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பாலின் புகழ்பெற்றோர் மன்றத்தில்) சேர்க்கப்பட்டார் என்று இப்போதுதான் படித்தேன், இறந்ததோ 1967இல்.