ஸ்விஃப்டின் அங்கதத்தை செமினாரில் எப்படிக் காட்டுவது?

அஸ்தம்பட்டி மாணவி:
சேலத்தில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேங்க. செமினார் தலைப்பு, ஆங்கில இலக்கியத்தில் அங்கதத்தின் இயல்பும் நோக்கமும். ஜொனாதன் ஸ்விஃப்டோட 'எ மாடஸ்ட் ப்ரொபோசல்'ங்கிற அங்கதக் கட்டுரையை எடுத்திருக்கேன். 'கேலி செய்து சமூகத்தைத் திருத்துவது' என்பதற்கு மேல் எழுத வரலை. பத்து நிமிஷம்தான். எதைக் காட்டலாம்?

செவ்வாய்ப்பேட்டை:
பேசுறவர் யாருன்னு முதல்ல சொல்லிடுங்க. 1729-ல் வந்த அந்தப் பிரசுரத்துல பேசுறது ஸ்விஃப்ட் உருவாக்கின ஒரு திட்டக்காரர். அயர்லாந்துல ஆண்டுக்கு 1,20,000 ஏழைக் குழந்தை பிறக்குதாம். 20,000-ஐ இனவிருத்திக்கு வச்சுக்கிட்டு மிச்சத்தை ஒரு வயசுல கறிக்கு வித்துடலாமாம். வளர்ப்புச் செலவு, கந்தல் துணி உட்பட, 2 ஷில்லிங். விலை 10. தாய்க்கு லாபம் 8. குரல்ல பதற்றமே கிடையாது. ஏழைகளை எண்ணிக்கையா மட்டும் பார்த்த அன்றைய திட்ட அறிக்கைகளோட நடையை அப்படியே வாங்கி, கறிக்கடை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போறார்.

கடைசிப் பக்கங்களை விட்டுடாதீங்க. 'வேற வழி எதையும் என்கிட்ட பேசாதீங்க'ன்னு திட்டக்காரர் தள்ளிவிடுற பட்டியல்லதான் ஸ்விஃப்ட் நிஜமா கேட்டது இருக்கு: வெளியூர்ல உட்கார்ந்து வாடகை வாங்குற நிலக்கிழார்களுக்கு வரி, உள்நாட்டுத் துணிமணி. நோக்கம்னு கேட்டா அந்தப் பத்தியைப் படிச்சுக் காட்டுங்க.

ஏற்காடு அடிவாரம்:
மேலே சொன்னது ரோமானியக் கவிஞர் ஜுவெனலின் வழி, கடுமையானது. இன்னொரு ரோமானியக் கவிஞர் ஹொரேஸின் வழி மென்மையானது. அதற்கு அலெக்ஸாண்டர் போப்பின் 'தி ரேப் ஆஃப் தி லாக்' கவிதையில் ஒரு வரி போதும். நாயகி பெலிண்டாவின் அலங்கார மேசையில் பவுடர், ஒட்டுப்பொட்டு, பைபிள், காதல் கடிதம் எல்லாம் ஒரே வரியில் கிடக்கும். கண்டனமாக ஒரு சொல் இல்லை. பைபிளை வைத்த இடமே பேசிவிடுகிறது.

தவறிப்போன அங்கதத்தையும் சேர்த்தால் இயல்பு நன்றாக விளங்கும். இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத கிறித்தவப் பிரிவினரை ஒழிக்கச் சொல்லும் வெறியர் குரலில் எழுத்தாளர் டேனியல் டீஃபோ 1702-ல் ஒரு பிரசுரம் எழுதினார். போலி அவ்வளவு கச்சிதம். நிஜமென்றே பலர் நம்பினார்கள். 1703-ல் அவரைத் தண்டனைக் கட்டையில் மாட்டிப் பொது இடத்தில் நிறுத்தினார்கள். நம்பவே முடியாத ஓர் இடம் அதில் இல்லை. ஸ்விஃப்டிடம் குழந்தைக்கறி இருக்கிறது.

அம்மாபேட்டை:
'திருத்துவது' என்று அடித்துச் சொன்னால் குறுக்குக் கேள்வி வரும். அங்கதம் ஒரு கண்ணாடி, பார்ப்பவருக்குத் தன் முகம் தவிர மற்ற எல்லார் முகமும் அதில் தெரியும் என்று 1704-லேயே எழுதியவர் ஸ்விஃப்ட்.

ஒப்பிட நம்ம பக்கத்துத் தகடூரே இருக்கு. புறநானூறு 95-ல் ஔவையார் தொண்டைமானிடம், 'உன் வேல்கள் பீலி சூட்டி நெய் பூசிக் காவலில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன' என்கிறார். புகழ்ச்சி போலவே கேட்கும், ஆனால் உன் வேல்கள் போரே பார்க்காதவை என்பதுதான் உட்பொருள். ஸ்விஃப்டின் 'கலிவரின் பயணங்கள்' நூலை மட்டும் இழுக்காதீங்க, பத்து நிமிஷத்தில் அடங்காது.