காட்ஃபாதர் 2: மைக்கேலுக்கு எந்த இடத்தில் உறுதியாகிறது?

அஸ்தம்பட்டி_ராத்திரி:
நேற்று ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்தை (1974) முழுசாகப் பார்த்து முடித்தேன். ஒரு சந்தேகம். தன் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின்னால் ஃப்ரெடோ இருக்கிறான் என்று மாஃபியா தலைவன் மைக்கேலுக்கு ஹவானா கிளப்பில்தான் தெரிகிறதா, முன்னாடியே சந்தேகம் உண்டா? அந்த இடத்தில் அல் பசினோவுக்கு வசனமே இல்லை, வெறும் முகம்தான். தெரிந்த பிறகும் சொந்தத் தம்பியை ஏன் அவ்வளவு நாள் விட்டு வைக்கிறான்?

ஐந்துரோடு_ரசிகன்:
கிளப்பில்தான். எதிரியின் கையாள் ஜானி ஓலாவைப் பார்த்ததே இல்லை என்று கொஞ்சம் முன்னால்தான் ஃப்ரெடோ சாதித்திருப்பான். போதை ஏறியதும் ‘இந்த இடத்துக்கு ஜானி ஓலாதான் கூட்டி வந்தான்’ என்று அவனே உளறிவிடுகிறான். நமக்கு துப்பாக்கிச் சூடு நடந்த ராத்திரி ஃப்ரெடோவுக்கு போன் வரும் காட்சியிலேயே தெரிந்துவிடும். பாவம், மைக்கேல்தான் கடைசி. விட்டு வைப்பது அம்மாவுக்காக. அவள் உயிரோடு இருக்கும்வரை அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்கிறான். அம்மா செத்ததும் ஏரியில் படகில் வைத்துச் சுட வைக்கிறான்.

அப்புறம் ஒன்று: ஃப்ரெடோ தம்பி இல்லை, அண்ணன்.

பழைய_டாக்கீஸ்:
உடன்பிறப்புச் சண்டை நம்ம ஊர் சினிமாவுக்குப் புதுசா என்ன? நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940லேயே ‘உத்தம புத்திரன்’ எடுத்தது. இரட்டையர் இரண்டு பேரும் பி.யு. சின்னப்பாதான். ஏற்காடு ரோட்டில் அந்த ஸ்டூடியோவின் நுழைவு வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம்.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை:
ஃப்ரெடோ அண்ணன் என்பதுதான் விஷயமே. ‘நான் உனக்கு அண்ணன், என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள்’ என்று நாற்காலியில் சாய்ந்தபடி கத்துவானே, எனக்கு அந்தக் காட்சியை உட்கார்ந்து பார்க்க முடியாது. எங்கள் கொலுசுப் பட்டறையில் அப்பா சாவியை என்னிடம்தான் கொடுத்தார். அண்ணன் என்னைவிட ஆறு வயசு பெரியவர்.

ஒரு வருஷம் வெள்ளி எடை இடித்தது. அண்ணன்தான் ஆட்களுக்கு எடை போட்டுக் கொடுப்பார், கொலுசாகத் திரும்பி வரும்போது நான் போடுவேன். சேதாரம் கழித்த பிறகும் ஒவ்வொரு தடவையும் நாலு கிராம், அஞ்சு கிராம் குறைந்தது. ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் சின்னக் கணக்கில்லை. ஆட்கள் மேல் சந்தேகம் வரவில்லை, நேராக அண்ணன் மேல் போனது. ஏன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். சாவி கிடைக்காத வருத்தம் அவருக்கு இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததால்தானோ என்னமோ.

சந்தேகம் வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருக்குக் கூடுதல் மரியாதை கொடுத்தேன். டீ வந்தால் முதல் டம்ளர் அவருக்கு. சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கினால் அவருக்குத் தனிப் பொட்டலம். ரெண்டு வாரம் ஒரு கேள்வி கேட்கவில்லை. மைக்கேல் புத்தாண்டு நள்ளிரவில் அண்ணனைப் பிடித்து முத்தம் கொடுப்பதை எல்லோரும் பயங்கரம் என்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பழக்கமாகத் தெரிந்தது. அவனாவது ‘நீதான் என்று எனக்குத் தெரியும்’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

கடைசியில் பார்த்தால், அண்ணன் வெள்ளியை பிளாஸ்டிக் கவரோடு தராசில் வைத்திருக்கிறார். நான் கவரைப் பிரித்துவிட்டு வைத்திருக்கிறேன். அவ்வளவுதான். சொன்னதும் அண்ணன் சிரிக்கவில்லை. ‘அதுக்குத்தான் தட்டுவடையா?’ என்றார்.

ஃப்ரெடோவாக நடித்த ஜான் கசாலுக்கு மொத்தமே ஐந்து படம்தான், 1978இல் போய்விட்டார். அந்த முகத்துக்காகவே திரும்பப் பார்க்கலாம்.

அஸ்தம்பட்டி_ராத்திரி:
தம்பி என்று எழுதியது என் தப்பு. உங்கள் அண்ணன் இப்போதும் பட்டறையில் இருக்கிறாரா?

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை:
இருக்கிறார். எடை இப்போது ரெண்டு பக்கமும் அவரே போடுகிறார்.