மல்வேர்னுக்கு வரும் எல்ஆர்டி வீதியின் நடுவே ஓட வேண்டுமா, வீதியிலிருந்து விலகி ஓட வேண்டுமா?

மல்வேர்ன்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவின் கிழக்கிலுள்ள ஸ்காபரோவில், கென்னடி நிலையத்தில் தொடங்கி, எக்ளிங்டன், கிங்ஸ்டன் வீதி, மோர்னிங்சைட் வழியாக ஸ்காபரோ பல்கலைக்கழக வளாகத்தைத் தொட்டு மல்வேர்ன் வரை வரவிருக்கும் எக்ளிங்டன் கிழக்கு எல்ஆர்டி (இலகு தொடருந்து) பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். ரொறன்ரோ நகரசபையின் திட்டப்படி அதன் பெரும்பகுதி வீதியின் நடுவே, தனக்கென ஒதுக்கப்பட்ட தடத்தில் செல்லும். தடம் தனியானது என்றாலும் சந்திகள் பொதுவானவை. இடதுபுறம் திரும்பும் கார்களும் குறுக்கே போகும் பேருந்துகளும் அதே சமிக்ஞை விளக்கில்தான் நேரத்தைப் பங்கு போட வேண்டும்.

இதே அமைப்பில் 10.3 கிலோமீற்றர் நீளமும் 18 தரிப்பிடங்களும் கொண்ட ஃபிஞ்ச் மேற்குப் பாதை 2025 டிசம்பர் 7 அன்று திறக்கப்பட்டது. அது மிக மெதுவாக ஓடுகிறது என்ற குறை உடனடியாக எழுந்து, அதே மாதத்திலேயே சமிக்ஞை முன்னுரிமையைப் பலப்படுத்தும்படி நகரசபை தீர்மானிக்க வேண்டியதாயிற்று. ஸ்காபரோவில் நாம் ஏற்கெனவே ஒரு தொடருந்தை இழந்தவர்கள். 1985இலிருந்து ஓடிய ஸ்காபரோ ஆர்டி, 2023 ஜூலை 24 அன்று ஒரு வண்டியின் கடைசிப் பெட்டி தடம் புரண்டதோடு நின்றுபோனது; அதன் பிறகு பேருந்துதான் நமக்கு வாழ்க்கை. இத்தனை ஆண்டுகள் காத்திருந்து கிடைக்கப்போகும் பாதையும் சிவப்பு விளக்கில் நிற்குமானால் அதை ஏற்றுக்கொள்ளலாமா, அல்லது தூண்களின் மேலோ நிலத்தின் கீழோ கொண்டுசெல்லும்படி இப்போதே வற்புறுத்த வேண்டுமா?

சந்திக் கணக்கன்:

வீதிச் சமிக்ஞைகளோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மேலேயா, கீழேயா, நடுவேயா என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை நிமிடத்துக்கு ஒரு தொடருந்து ஓடப்போகிறது என்று கேட்க வேண்டும். ஒரு பெரிய சந்தியின் சமிக்ஞைச் சுற்று, அதாவது எல்லாத் திசைகளுக்கும் ஒருமுறை பச்சை கிடைத்து முடியும் நேரம், இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 சுற்றுகள். இரு திசைகளிலும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் அந்தச் சந்தியை மணிக்கு 24 தொடருந்துகள் கடக்கும். இந்த அளவில், தொடருந்து நெருங்கும்போது பச்சையை நீட்டுவதும் சிவப்பைச் சுருக்குவதும் சாத்தியமே. அடுத்த சுற்றுகளில் குறுக்கு வீதிக்கு அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுக்க இடமிருக்கும். இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று என்றால் 48 தொடருந்துகள், சுற்றுகளோ 30 மட்டுமே. அப்போது ஏறத்தாழ எல்லாச் சுற்றுகளிலும் குறுக்கு வீதியின் நேரத்தைப் பிடுங்க வேண்டிவரும், அங்கே நிற்கும் பேருந்துப் பயணிகளும் சேர்ந்து வதைபடுவார்கள். மட்டம் பிரிப்பதை, அதாவது தொடருந்தை வீதிக்கு மேலாகவோ கீழாகவோ கொண்டுசெல்வதைத் தவிர வேறு வழியில்லாமல் போகும் எல்லை அதுதான்.

எனவே முன்னுரிமை என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் திருப்தியடைந்துவிடக் கூடாது. தொடருந்து தாமதமாக வந்தால் மட்டும் சில விநாடிகள் பச்சையை நீட்டுவதையும் முன்னுரிமை என்கிறார்கள். எப்போது வந்தாலும் வழிவிடுவதையும் முன்னுரிமை என்கிறார்கள். இடதுபுறம் திரும்பும் கார்களுக்கான அம்பு விளக்கு முதலில் எரிந்து, தொடருந்து அதன் பின்னர்தான் நகர வேண்டும் என்று வரிசை அமைந்திருந்தால், தனித்தடம் போட்டதன் பயனில் பாதி அந்த ஒரே இடத்தில் கரைந்துவிடுகிறது. அந்த வரிசையை மாற்றுவதற்குக் கொங்கிரீட் தேவையில்லை, துணிவு தேவை.

கல்கரியைப் பாருங்கள். 1981இல் தொடங்கிய அந்த நகரத்தின் எல்ஆர்டி நகர மையத்தில் 7ஆவது அவெனியூவின் தரையிலேயே ஓடுகிறது, ஆனால் அந்த வீதியில் கார்களுக்குப் பொதுவாக இடமில்லை. புறநகரில் பல சந்திகளில் தொடருந்துக் கடவைபோலத் தடுப்புக் கட்டை இறங்குகிறது. கார்கள் நிற்கின்றன, தொடருந்து வேகம் குறையாமல் கடக்கிறது. மட்டம் பிரிக்காமலேயே மட்டம் பிரித்ததன் பலனில் பெரும்பங்கை அவர்கள் பெற்றுக்கொண்டார்கள்.

தூண்மேல்பாதை:

மேலே எழுதியவரின் கணக்கை மறுக்கவில்லை. ஆயினும் விளக்கின் நேரத்தை மாற்றிய நகரசபை அடுத்த தேர்தலுக்குப் பின் அதை மீண்டும் மாற்றிவிடலாம். தூணை எவரும் அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. வன்கூவரின் ஸ்கைட்ரெயின் முழுக்க மட்டம் பிரிக்கப்பட்டிருப்பதால்தான் சாரதி இல்லாமல் ஓடுகிறது. சாரதிகளின் எண்ணிக்கை கையைக் கட்டிப்போடாததால் இரவிலும் அடுக்கடுக்காக வண்டிகளை விட முடிகிறது. கட்டும்போது செலவு கூடும், ஆனால் ஐம்பது ஆண்டுக்கான ஓட்டச் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரும்புத் தடத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு, தொடருந்து விலகிப் போகவும் முடியாது. ஒரு கார் தவறாகத் திரும்பி மோதினால் அந்தச் சந்தியோடு முழுப் பாதையும் நின்றுவிடும்.

பழைய எக்ளிங்டன்:

இந்த விவாதத்தை நம் நகரம் ஏற்கெனவே ஒரு தடவை மிகக் கசப்பாக நடத்தியிருக்கிறது. 2007இல் மேயர் டேவிட் மில்லர் காலத்தில் அறிவிக்கப்பட்ட டிரான்சிட் சிட்டி என்ற எல்ஆர்டி வலையமைப்புத் திட்டத்தை 2010 டிசம்பரில் பதவியேற்றவுடன் அடுத்த மேயர் றொப் ஃபோர்ட் முடிந்துபோன ஒன்றாக அறிவித்தார். எக்ளிங்டன் முழுவதையும் நிலத்தின் கீழ் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 2012 பெப்ரவரியில் நகரசபை 25க்கு 18 என்ற வாக்குகளால் கிழக்குப் பகுதியை மீண்டும் வீதியின் மட்டத்துக்குக் கொண்டுவந்தது. அதனால்தான் எக்ளிங்டன் கிரொஸ்டவுன் எல்ஆர்டியின் 19 கிலோமீற்றர் பாதையில் மேற்கிலும் நடுவிலும் உள்ளவர்களுக்குச் சுரங்கமும், ஸ்காபரோ பக்கத்தில் உள்ளவர்களுக்குச் சமிக்ஞை விளக்கும் என்றாயிற்று. வாக்களித்தவர்களுக்கு நிதிக் காரணங்கள் இருந்தன, அவற்றை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் பிரிவினை எங்கள் பக்கத்து மக்கள் மனத்தில் ஆறாத புண்ணாகவே இருக்கிறது.

ஆனால் ஒரு செய்தியை நம்மவர்கள் பலர் மறந்துவிட்டார்கள். ஸ்காபரோ ஆர்டிக்குப் பதிலாக முதலில் ஒப்புக்கொள்ளப்பட்ட, ஏழு நிலையங்கள் கொண்ட எல்ஆர்டி ஒரு வீதியையும் மட்டத்தில் கடக்காத பாதை. அது முழுக்கப் பிரிக்கப்பட்டதாகவே வரையப்பட்டிருந்தது. எல்ஆர்டி என்றாலே கார்களுக்கு நடுவே ஊரும் ஸ்ட்ரீட்கார் என்ற எண்ணம் பரவியதால், 2013இல் அதைக் கைவிட்டுச் சப்வேயைத் தெரிவுசெய்தபோது நாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. இப்போது மூன்று நிலையங்கள் கொண்ட 7.8 கிலோமீற்றர் சப்வே நீட்சி கட்டப்படுகிறது. மல்வேர்னுக்கு அது வராது.

அம்மாவுடன் பயணிப்பவள்:

தூண்மேல்பாதை அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். என் அம்மாவுக்கு எண்பது வயது. முழங்கால் வலியோடு நடக்கிறார். வீதி மட்டத்தில் தரிப்பிடம் இருந்தால் சந்தியைக் கடந்து நேரே ஏறிவிடுவார். நிலையம் மேலே இருந்தால் மின்தூக்கியை நம்ப வேண்டும், அது பழுதான நாளில் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். உயர்பாதை நிலையங்களுக்குச் செலவு அதிகம் என்பதால் அவற்றின் எண்ணிக்கையும் குறைந்துவிடும், பனிக்காலத்தில் நடக்க வேண்டிய தூரமும் கூடிவிடும். வேகத்தைப் பற்றி எழுதும்போது வாசலிலிருந்து வாசல்வரை ஆகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்று அன்போடு கேட்கிறேன்.

தூண்மேல்பாதை:

தங்கச்சி, நீங்கள் சொன்னதை நான் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை. மல்வேர்னின் உள்வீதிகளிலும் பல்கலைக்கழக வளாகத்திலும் வீதி மட்டமே பொருத்தம் என்று ஒப்புக்கொள்கிறேன். எக்ளிங்டனும் கிங்ஸ்டன் வீதியும் சேரும் இடம் போன்ற, வாகனங்கள் மிகுந்த சந்திகளை மட்டுமாவது மேலாகவோ கீழாகவோ கடந்தால், தரிப்பிடங்களைக் கீழேயே வைத்துக்கொள்ளலாம்.

மல்வேர்ன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. முழுப் பாதையையும் தூணில் ஏற்றச் சொல்லும் மனுவைத்தான் எழுத நினைத்திருந்தேன். இப்போது அடுத்த பொதுக்கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுக்கப்போகிறேன்: நெரிசல் வேளையில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு தொடருந்து என்று திட்டமிட்டிருக்கிறார்கள், எந்தெந்தச் சந்திகளில் இடதுபுறத் திருப்பத்துக்கு முன்பாகத் தொடருந்து புறப்படும், அந்த வரிசையைப் பின்னாளில் மாற்ற யாருடைய அனுமதி வேண்டும். சந்திக் கணக்கன் ஐயா, அந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தருவீர்களா?